மெயில் சர்வர் மாத்தியாச்சு, ஃபோல்டரைக் காணோம்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சர்வர் மாத்தினதுக்கு அப்புறம் மெயில் ஃபோல்டர் எல்லாம் குழம்பிப் போச்சுன்னு. அதனால மத்த கேள்வியை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். புதுசாப் படிக்கறவங்களுக்கு நாலு சொல்: கூரியரும் டவ்காட்டும் மெயில் சர்வர் சாஃப்ட்வேர், ஐமேப்ங்கறது மெயிலை சர்வர்லயே வெச்சுப் படிக்கற முறை, மெயில்டிர்ங்கறது ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு டிஸ்க்ல வைக்கற அமைப்பு, கிளையன்ட்ங்கறது நாம மெயில் படிக்கற ஆப்.

கேள்வி: சார், எங்க ஆபீஸ்ல ரொம்ப வருஷமா கூரியர் ஐமேப் ஓடிட்டிருந்துச்சு. இப்ப புது மெஷின்ல டவ்காட் போட்டு, மெயில்டிர் மொத்தத்தையும் காப்பி பண்ணி, ஓனர்ஷிப் எல்லாம் சரி பண்ணிட்டுத்தான் விட்டேன். காலைல எல்லாரும் லாகின் பண்ணா இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியுது, வருஷக்கணக்கா பிரிச்சு வெச்ச ஃபோல்டர் ஒண்ணுமே இல்ல. அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்க பதறிட்டாங்க. மறுபடியும் முழுசா ஒரு காப்பி ஓட்டிடட்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெஞ்சு ஓட்டிடாதீங்க. ஏன்னா காலைல ஜனங்க லாகின் பண்ணின நிமிஷத்துல இருந்தே மெயில்டிர்ல இருக்கற ஃபைல் பேர் எல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கும், ஒரு மெயிலைப் பாத்ததும் அது 'நியூ' டைரக்டரில இருந்து 'கர்' டைரக்டரிக்குப் போகும், படிச்சாச்சுன்னா பேர் கடைசில 'எஸ்'ங்கற எழுத்து ஒட்டிக்கும், பதில் போட்டா 'ஆர்' ஒட்டிக்கும். இப்ப பழைய சர்வர்ல இருந்து திரும்ப ஆர்சிங்க்ங்கற காப்பி டூலை ஓட்டினா அதுக்கு இந்தப் பேரெல்லாம் புதுசாத் தெரியும், அதே மெயிலோட இன்னொரு காப்பியை பக்கத்துல வெச்சுட்டுப் போயிடும். டெலீட் ஆப்ஷனோட ஓட்டினீங்கன்னா இன்னும் மோசம், இன்னிக்குக் காலைல வந்த புது மெயில் பழைய சர்வர்ல இல்லைங்கற ஒரே காரணத்துக்காக அழிஞ்சிடும்.

முதல்ல டிஸ்க்கைப் பாருங்க. கிளையன்ட்டைப் பாக்காதீங்க, வெப்மெயிலைப் பாக்காதீங்க, நேரா சர்வர்ல ஒரு யூசரோட மெயில்டிருக்குள்ள போய் மறைஞ்ச ஃபைலையும் காட்டற மாதிரி லிஸ்ட் எடுங்க. மெயில்டிர் அமைப்புல இன்பாக்ஸ் மட்டும் வெளில இருக்கும், மத்த ஃபோல்டர் எல்லாம் புள்ளில ஆரம்பிக்கற டைரக்டரியா இருக்கும், புள்ளி சென்ட், புள்ளி ட்ராஃப்ட்ஸ்னு. லினக்ஸ்ல புள்ளில ஆரம்பிச்சா சாதாரண லிஸ்ட்ல தெரியாது, அதோட காப்பி பண்ணும்போது கடைசில நட்சத்திரக் குறி போட்டிருந்தா புள்ளி டைரக்டரி எதுவுமே வந்திருக்காது. இன்பாக்ஸ் மட்டும் தெரியுதுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான். அப்படி ஆகியிருந்தா புள்ளி ஃபோல்டரை மட்டும் தனியாக் கொண்டு வரலாம், புதுப் பக்கத்துல அதே பேர்ல எதுவும் இல்லாததால டூப்ளிகேட் ஆகாது. ஒண்ணு மட்டும் கவனிங்க, இதுக்குள்ள சிலரோட கிளையன்ட் தானாவே புதுசா ஒரு சென்ட் ஃபோல்டர் உருவாக்கியிருக்கும், அதுல காலைல அனுப்பின மெயில் இருக்கும், அதை அழிச்சிடாதீங்க.

டிஸ்க்ல ஃபோல்டர் எல்லாம் பத்திரமா இருந்தா நிம்மதியா இருங்க, மெயில் போகலை, சர்வருக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவுல பேர் ஒத்துப்போகலை, அவ்வளவுதான். இதுல மூணு இடம் பாக்கணும். முதல் இடம் சப்ஸ்கிரிப்ஷன். டவ்காட்டை நிர்வகிக்கற டவ்-அட்ம் (doveadm) கமாண்ட்ல அந்த யூசருக்கு மெயில்பாக்ஸ் லிஸ்ட் எடுங்க, அப்புறம் அதையே 'எஸ்' ஆப்ஷன் போட்டு எடுங்க. முதல்ல வர்றது சர்வர்ல இருக்கற எல்லா ஃபோல்டரும், ரெண்டாவது வர்றது சப்ஸ்கிரைப் பண்ணின, அதாவது கிளையன்ட்ல தெரியணும்னு குறிச்சு வெச்ச ஃபோல்டர் மட்டும். முதல் லிஸ்ட் நிறைஞ்சிருந்து ரெண்டாவது காலியா இருந்தா வேற எதுவும் தேட வேண்டாம், சப்ஸ்கிரிப்ஷன்தான் வராம போயிருக்கு. தண்டர்பேர்டு மாதிரி கிளையன்ட் சப்ஸ்கிரைப் பண்ணினதை மட்டும்தான் காட்டும். கூரியர் இந்த லிஸ்ட்டை 'கூரியர்ஐமேப்சப்ஸ்கிரைப்டு'ன்னு ஒரு ஃபைல்ல வெச்சிருக்கும், டவ்காட் தேடறது வெறும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'ங்கற ஃபைலை. அதோட கூரியர் ஃபைல்ல ஒவ்வொரு வரியும் இன்பாக்ஸ்-புள்ளின்னு ஆரம்பிக்கும், டவ்காட் ஃபைல்ல அந்த முன்னொட்டு இருக்கக் கூடாது. பேரை மாத்தி முன்னொட்டை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. கூரியர்ல இருந்து டவ்காட்டுக்கு மாத்தறதுக்குன்னே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கு, அது இதையும் பண்ணும், மெயிலோட யூஐடியையும் (ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் கொடுக்கற எண்) சேத்து மாத்திக் கொடுக்கும், லாகின் திறக்கறதுக்கு முன்னாடி அதை ஓட்டறதுதான் சரியான வழி.

ரெண்டாவது இடம் ப்ரிஃபிக்ஸ், அதாவது ஃபோல்டர் பேருக்கு முன்னாடி வர்ற முன்னொட்டு. கூரியர்ல எல்லா ஃபோல்டரும் இன்பாக்ஸுக்கு அடில இருக்கற மாதிரி வெளில தெரியும், இன்பாக்ஸ்-புள்ளி-சென்ட்னு. டவ்காட்ல நீங்க ஒண்ணும் மாத்தலைன்னா வெறும் சென்ட்தான். யாராவது கிளையன்ட் செட்டிங்ல ரூட் ஃபோல்டர் பாத்னு இருக்கற கட்டத்துல இன்பாக்ஸ்னு போட்டு வெச்சிருந்தா அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒவ்வொரு மெஷினா போய் மாத்தறது பாவம், அதைவிட டவ்காட்லயே நேம்ஸ்பேஸுக்கு (ஃபோல்டர் எந்தப் பேர்ல வெளில தெரியணும்னு சொல்ற பகுதி) அந்தப் பழைய ப்ரிஃபிக்ஸைக் கொடுத்துடலாம். இல்ல புது முறைல போகணும்னா ப்ரிஃபிக்ஸ் இல்லாத நேம்ஸ்பேஸ் ஒண்ணும், பழைய பேர்ல வர்றவங்களுக்காக மறைவா இன்னொண்ணும் வெச்சு, இது அதோட மறுபேர்னு சொல்லிடலாம், ரெண்டுலயும் பிரிப்புக் குறி ஒண்ணா இருக்கட்டும்.

மூணாவது, லேஅவுட், அதாவது ஃபோல்டரை டிஸ்க்ல அடுக்கற முறை. டிஸ்க்ல புள்ளி முறைல இருக்கறதை கான்ஃபிக்ல 'எஃப்எஸ்' லேஅவுட்னு சொல்லியிருந்தா அது உள்ளுக்குள்ள உள்ள டைரக்டரியாத் தேடும், கிடைக்காது. வேற எங்கயாவது இருந்து கான்ஃபிக்கை எடுத்துப் போட்டவங்களுக்கு இது அதிகமா நடக்குது. 2025ல வந்த டவ்காட் 2.4ல மெயில் இருக்கற இடத்தைச் சொல்ற செட்டிங்கையே டிரைவர் தனி, பாத் தனின்னு பிரிச்சிட்டாங்க, 2.3க்கு எழுதின கான்ஃபிக் அதுல அப்படியே ஓடாது, நீங்க போட்டிருக்கறது எந்தப் பதிப்புன்னு பாத்துட்டு அதுக்கேத்த டாக்குமென்டைப் படிங்க.

கேள்வி: எல்லா ஃபோல்டரும் வந்துடுச்சு. ஆனா அனுப்பின மெயிலுக்கு மூணு ஃபோல்டர் தெரியுது, சென்ட், சென்ட் ஐட்டம்ஸ், சென்ட் மெசேஜஸ். போன்ல அனுப்பினா ஒண்ணுல போகுது, கம்ப்யூட்டர்ல அனுப்பினா இன்னொண்ணுல. எதை வெச்சுக்கறது?

பதில்: எதை வேணா வெச்சுக்கலாம், ஆனா ஒண்ணை மட்டும் வெச்சுக்கோங்க. ஒவ்வொரு கிளையன்ட்டும் தன் இஷ்டத்துக்கு ஒரு பேரை யூகிச்சு ஃபோல்டர் உருவாக்கிட்டிருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, அந்தக் குழப்பத்துக்காகத்தான் 2011ல ஆர்எஃப்சி 6154னு ஒரு வரையறை வந்துச்சு, அதுபடி பேர் என்னவா இருந்தாலும் 'இது அனுப்பினது, இது குப்பை, இது வரைவு'ன்னு சர்வரே ஃபோல்டர் மேல ஒரு அடையாளம் ஒட்டிக் கொடுக்கும். டவ்காட்ல மெயில்பாக்ஸ் பகுதில ஸ்பெஷல்-யூஸ்னு இருக்கறது இதுதான். டவ்காட்டோட கூட வர்ற சாம்பிள் கான்ஃபிக்ல சென்ட், சென்ட் மெசேஜஸ் ரெண்டுக்குமே அதே அடையாளம் போட்டிருக்கும், அப்படியே விட்டுட்டீங்கன்னா கிளையன்ட் எதை வேணா எடுத்துக்கும், அதனால ஒண்ணைத் தவிர மத்ததுல இருந்து அடையாளத்தை எடுத்துடுங்க, அந்த ஒண்ணுக்கு ஆட்டோ சப்ஸ்கிரைப் போட்டுடுங்க.

அப்புறம் மத்த ரெண்டுல இருக்கற மெயிலை டவ்-அட்ம் மூவ் கமாண்ட்ல இதுக்கு நகத்துங்க. அந்தக் கமாண்ட்ல போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் பேர்தான் முதல்ல வரும், எங்க இருந்து எடுக்கணும்ங்கறது பின்னாடி வரும், மாத்தி அடிக்கறவங்க நிறைய பேர். ரெண்டும் காலியாச்சுன்னு எண்ணிக்கை பாத்த பிறகு அழிங்க. சில பழைய கிளையன்ட் அந்த அடையாளத்தையே பாக்காது, அதுல மட்டும் கையால ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் ஃபோல்டர் பேர் எல்லாம் தமிழ்லதான் வெச்சிருந்தேன். மாத்தினதுக்கு அப்புறம் பாதி ஃபோல்டர் பேர் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா கன்னாபின்னான்னு வருது. உள்ள மெயில் இருக்கு, ஆனா எது எதுன்னே தெரியலை.

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், தமிழ்ல ஃபோல்டர் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் வர்ற கஷ்டம் இது, இதைப் பத்தி யாரும் தமிழ்ல எழுத மாட்டேங்கறாங்க.

நீங்க பாக்கறது குப்பை இல்ல, உங்க தமிழ்ப் பேர்தான், வேற உருவத்துல. ஐமேப்ல ஃபோல்டர் பேரை யூடிஎஃப்-8ங்கற யூனிகோட் எழுத்து முறைல அனுப்பறது அடிப்படை விதிக்குள்ள வந்தது 2021ல வந்த புது வரையறைலதான், அதுக்கு முன்னாடி இருந்து இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான சர்வர் பேசறது மாத்தியமைச்ச யூடிஎஃப்-7னு ஒண்ணு. அதுல ஆங்கில எழுத்து அப்படியே இருக்கும், மத்த மொழி எழுத்து வந்தா முதல்ல அண்ட் குறி (&) போட்டு, நடுவுல யூனிகோடை பேஸ்64ங்கற முறைல ஆங்கில எழுத்தும் நம்பருமா எழுதி, கடைசில ஒரு ஹைஃபன் போட்டு மூடும். தமிழ் எழுத்துக்கு யூனிகோட் எண் எல்லாமே பதினாறடிமான முறைல 0பி80ல இருந்து 0பிஎஃப்எஃப்க்குள்ள வர்றதால, தமிழ் எழுத்துல ஆரம்பிக்கற எந்தப் பேரா இருந்தாலும் அண்ட் குறி, அடுத்து பெரிய 'சி', அடுத்து 4ல இருந்து 7க்குள்ள ஒரு எண்ணுன்னுதான் ஆரம்பிக்கும். உங்க லிஸ்ட்ல இந்த மாதிரி ஆரம்பிக்கறது எல்லாம் தமிழ்ப் பேர்னு நம்பிக்கையா எடுத்துக்கலாம்.

சர்வருக்குள்ள டிஸ்க்ல இப்படி இருந்தா அது தப்பே இல்ல, டவ்காட் 2.3ல சும்மா விட்டா டிஸ்க்ல இப்படித்தான் வைக்கும், கிளையன்ட்ல தமிழாத் தெரியும். கிளையன்ட்லயும் இப்படியே தெரியுதுன்னாதான் பிரச்சினை. நடந்தது அனேகமா இதுவா இருக்கும்: டிஸ்க்ல யூடிஎஃப்-7ல இருந்த பேரை, 'எங்கிட்ட எல்லாம் யூடிஎஃப்-8'னு நினைச்சிட்டிருக்கற சர்வர்ல அப்படியே வெச்சிட்டீங்க, அது அண்ட் குறியை நிஜமான அண்ட் குறின்னு எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை யூடிஎஃப்-7ல சுத்திடுச்சு. அண்ட் குறிக்கு அடுத்ததா உடனே ஹைஃபன், அதுக்கப்புறம் 'சி'ன்னு வந்தா ரெண்டு தடவை சுத்தியிருக்குன்னு உறுதியாச் சொல்லலாம். அப்ப டவ்காட்ல மெயில் இருக்கற இடத்தைச் சொல்ற வரில யூடிஎஃப்-8ங்கற சொல் இருந்தா அதை எடுத்துட்டுப் பாருங்க, எல்லாப் பேரும் ஒரே நேரத்துல சரியாயிடும். ஆனா ஏற்கனவே புது முறைல உருவான ஃபோல்டர் இருந்தா அது இப்ப கெடும், ரெண்டும் கலந்திருந்தா செட்டிங்கைத் தொடாம டவ்-அட்ம்ல மெயில்பாக்ஸ் ரீநேமை 'எஸ்' ஆப்ஷனோட போட்டு ஒவ்வொண்ணா மாத்தறதுதான் பாதுகாப்பு, அதுல பேரை நேரா தமிழ்லயே அடிக்கலாம். டைரக்டரி பேரை கையால மாத்தாதீங்க, சப்ஸ்கிரிப்ஷன் பழைய பேர்லயே நின்னுடும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியலைன்னா, 'கொ', 'கோ' மாதிரி எழுத்து அதுல இருக்கான்னு பாருங்க. கொம்பும் காலும் சேந்த குறியை யூனிகோட்ல ஒரே எண்ணாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு எண்ணாவும் எழுதலாம், பாக்க ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற பேர். அதே மாதிரி மெயில்டிர் முறைல உள்ளுக்குள்ள உள்ள ஃபோல்டர் பேர் எல்லாம் சேந்து ஒரே டைரக்டரி பேரா ஆகுது, லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்தான், யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகும். நாலு அடுக்குக்கு நீளமான தமிழ்ப் பேர் வெச்சிருந்தா கடைசி அடுக்கு வராமலே போயிருக்கலாம், லாக்ல பேர் நீளம்னு எர்ரர் வந்திருக்கான்னு பாருங்க.

கேள்வி: எங்க பழைய மெயில் எல்லாத்துக்கும் சர்வர் மாத்தின தேதியே காட்டுது. பத்து வருஷ மெயில் ஒரே நாள்ல வந்த மாதிரி!

பதில்: மெயில்டிர்ல வந்து சேந்த தேதியை டவ்காட் எடுக்கறது ஃபைலோட கடைசியா மாத்தின நேரத்துல இருந்து. காப்பி பண்ணும்போது நேரத்தைப் பாதுகாக்கற ஆப்ஷனை விட்டுட்டாங்க, அதான். மெயிலுக்குள்ள இருக்கற தேதி வரி பத்திரமாத்தான் இருக்கு.

இதைச் சரி பண்ண நல்ல வழி ஃபைல் பேர்லயே இருக்கு. மெயில்டிர் ஃபைல் பேர் ஆரம்பத்துல வர்ற பத்து இலக்கம், அந்த மெயில் டெலிவரி ஆன நேரம், 1970ல இருந்து எண்ணின நொடிக் கணக்குல. 1700000000னு ஆரம்பிச்சா அது உலகப் பொது நேரப்படி 2023 நவம்பர் 14. ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல அந்த எண்ணை எடுத்து டச் கமாண்டுக்குக் கொடுத்தா ஃபைல் நேரம் திரும்பிடும். முன்னாடி எப்பவாவது ஐமேப் வழியா நகத்தின மெயிலா இருந்தா அந்த எண் நகத்தின நாளைத்தான் காட்டும், அதுக்கு மட்டும் மெயில் தலைப்புல இருக்கற தேதியை எடுத்துக்கோங்க. முடிச்சதும் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் இருக்கற 'டவ்காட் டாட் இண்டெக்ஸ் டாட் கேஷ்' ஃபைலை அழிச்சிடுங்க, பழைய தப்பான தேதி அதுல தங்கியிருக்கும். அதை மட்டும்தான் அழிக்கணும். பக்கத்துல 'டவ்காட்-யூஐடிலிஸ்ட்'னு இருக்கும், அது கேஷ் இல்ல, அதுல கை வைக்காதீங்க, ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

கேள்வி: எல்லாரோட கம்ப்யூட்டரும் மொத்த மெயிலையும் முதல்ல இருந்து இறக்குது, நெட் படுத்துடுச்சு. இன்னும் சிலருக்கு ஒவ்வொரு மெயிலும் ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டும் ஒரே பிரச்சினையா?

பதில்: ரெண்டு தனிப் பிரச்சினை, காரணம் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஐமேப்ல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யூஐடி-வேலிடிட்டின்னு ஒரு எண் உண்டு. அது மாறிடுச்சுன்னா 'என்கிட்ட இருக்கற நம்பர் எதுவும் இனி செல்லாது'ன்னு கிளையன்ட் முடிவு பண்ணி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப இறக்கும். அந்த எண் இருக்கறது யூஐடிலிஸ்ட் ஃபைல்ல. டவ்காட்ல இருந்து டவ்காட்டுக்குப் போறவங்க டவ்-அட்ம் பேக்கப் முறைல போனா இது மாறாம வரும், ஐமேப்சிங்க்ங்கற டூல்ல போனா புது சர்வர் புது எண்தான் கொடுக்கும், அப்ப ஒரு தடவை இறங்கித்தான் தீரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பேட்ச் பேட்சா ஆட்களை மாத்துங்க.

ரெண்டு தடவை வர்றவங்க பாப்3 (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கற முறை) வெச்சிருக்கறவங்களா இருப்பாங்க, சர்வர்ல மெயிலை விட்டு வைன்னு செட்டிங் போட்டவங்க. அவங்க கிளையன்ட் எந்த மெயிலை இறக்கியாச்சுன்னு யூஐடிஎல்ங்கற அடையாளத்தை வெச்சுத்தான் ஞாபகம் வெச்சுக்கும். புது சர்வர் அந்த அடையாளத்தை வேற வடிவத்துல கொடுத்தா எல்லாமே புது மெயில். டவ்காட்ல பாப்3 யூஐடிஎல் ஃபார்மேட்னு ஒரு செட்டிங் இருக்கு, பழைய சர்வர் கொடுத்துட்டிருந்த வடிவத்தையே அதுல போடணும், ஆனா மாத்தறதுக்கு முன்னாடியே போடணும். உங்க ஆளுங்க ஏற்கனவே இறக்கிட்டாங்கன்னா இப்ப திரும்ப மாத்தாதீங்க, மூணாவது தடவை இறங்கும்.

கேள்வி: ஜிமெயில்ல இருந்து சொந்த சர்வருக்கு வந்தேன், அளவு ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு.

பதில்: ஜிமெயில்ல ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஒரு மெயிலுக்கு மூணு லேபிள் இருந்தா ஐமேப்ல மூணு ஃபோல்டர்ல தெரியும், ஆல் மெயில்ல நாலாவது தடவை தெரியும், நகத்தற டூல் நாலையும் தனித்தனி மெயில்னு நினைச்சு எடுத்துட்டு வரும். ஐமேப்சிங்க்ல ஜிமெயிலுக்குன்னு தனி ஆப்ஷன் இருக்கு, அது ஆல் மெயிலைக் கடைசியாத் தொட்டு ஏற்கனவே வந்ததை விட்டுடும். ஐமேப் வழியா ஒரு நாளைக்கு 2500 எம்பிக்கு மேல இறக்கினா கூகிள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திடும், அதனால பெரிய மெயில்பாக்ஸா இருந்தா பல நாளாப் பிரிச்சு ஓட்டுங்க.

கேள்வி: 'பதிப்பு 2.0'ன்னு இருந்த ஃபோல்டர் 'பதிப்பு 2'ன்னும் அதுக்குள்ள '0'ன்னும் ரெண்டா உடைஞ்சிடுச்சு.

பதில்: புதுப் பக்கத்துல புள்ளிதான் ஃபோல்டரைப் பிரிக்கற குறி, அதனால பேர்ல வந்த புள்ளியையும் பிரிச்சிடுச்சு. புள்ளியை எடுத்துட்டு வேற பேர் வைங்க, இல்ல இந்த மாதிரி நிறைய இருந்தா டவ்காட் 2.3ல பிரிப்புக் குறியைப் புள்ளி இல்லாத வேற ஒண்ணா மாத்திட்டு லிஸ்ட்எஸ்கேப் ப்ளகின் போடுங்க.

கேள்வி: எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கறேன். பழைய சர்வரை எப்ப அணைக்கலாம்?

பதில்: நினைக்கறேன்னு சொன்னா போதாது, எண்ணிப் பாத்துடுங்க. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு யூசருக்கும் ஃபோல்டர்வாரியா எத்தனை மெயில்னு எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க, டவ்-அட்ம்ல மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ் இதைக் கொடுக்கும். பழைய பக்கத்தைவிட புதுப் பக்கம் குறைஞ்சா அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க, யூசரே அழிச்சதா இல்ல வராமப் போனதான்னு அவங்களையே கேளுங்க, அவங்க மெயில் அது, அவங்களுக்குத்தான் தெரியும்.

டிஎன்எஸ் (சர்வர் பேருக்கு ஐபி முகவரி சொல்ற பட்டியல்) மாத்தினதுக்கு அப்புறமும் பழைய முகவரிக்கே சிலது வந்துட்டிருக்கும். மெயில் போகலைன்னா அனுப்பற சர்வர் குறைஞ்சது 4, 5 நாளாவது திரும்பத் திரும்ப முயற்சி பண்ணணும்னுதான் மெயில் அனுப்பற முறையான எஸ்எம்டிபியோட விதி சொல்லுது, அதனால அந்த அளவு நாளுக்காவது பழைய சர்வர் வர்ற மெயிலைத் தானே வாங்கி வெச்சுக்காம புது சர்வருக்குத் தள்ளி விடற மாதிரி வெச்சிருங்க. பழைய பக்கத்து லாக்ல யார் யார் இன்னும் லாகின் பண்றாங்கன்னும் தினம் பாருங்க, போன்ல பழைய ஐபியையே கையால அடிச்சு வெச்சிருக்கறவங்க அதுல மாட்டுவாங்க. ஒரு வாரம் யாரும் வரலைன்னா சர்வீஸை மட்டும் நிறுத்துங்க, டிஸ்க்கை அழிக்காதீங்க. வருஷக் கடைசில மட்டும் திறக்கற ஃபோல்டர் எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும், அதனால அந்த டிஸ்க்கோட ஒரு காப்பியை அடுத்த வருஷக் கணக்கு முடியற வரைக்கும் எழுத முடியாதபடி பூட்டி வெச்சிருங்க.